ஸ்டமேனாவின் நான்கு குஞ்சுகள்

மே 3, புதன்

மழை. இடுப்பு வலி காலையிலேயே சொல்லிவிட்டது. தக்காளி நாற்றுகளை வெளியே வைக்கவில்லை.

மதியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டமேனா கூப்பிட்டாள். அவள் மகன் வியன்னாவிலிருந்து அனுப்பிய இன்குபேட்டரில் நேற்றுக் குஞ்சு பொரித்திருக்கிறது. நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் போனேன். பெட்டி நிறைய மஞ்சள். ஆனால் நான்கு குஞ்சுகள் எழுந்து நிற்கவில்லை. இரண்டுக்குக் கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, வயிறு தரையில் கிடக்கிறது. ஒன்றுக்கு விரல்கள் சுருண்டு, கையை மூடிக்கொண்ட மாதிரி இருக்கின்றன. நான்காவதற்கு ஒரு கால் மூட்டில் வீங்கிப் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

அவளுடைய நாத்தனார் யெலிட்சா காபி குடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இக்னாத் அன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள மொதல்ல கால் வெச்சது யாரு ஸ்டமேனா?"

வேறு யார், நான்தான். டிசம்பரில் வருகிற இக்னாத் நாளைக் கோழிகளின் கிறிஸ்துமஸ் என்போம். அன்று முதலில் உள்ளே வருகிறவரைத் தலையணை மேல் உட்கார வைப்பார்கள். அவர் ஆடாமல் இருந்தால் கோழியும் ஆடாமல் அடை காக்கும். வந்தவர் எப்படியோ அந்த வருடக் குஞ்சுகளும் அப்படி. பிறந்ததிலிருந்து நொண்டுகிற என்னை ஸ்டமேனாதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் ஸ்ரேட்டன், மூஞ்சிய அப்படி வெச்சுக்காத" என்றாள் யெலிட்சா. நான் சிரித்தேன். ஸ்டமேனா சிரிக்கவில்லை.

மே 4, வியாழன்

காலையில் போய் நான்கையும் வாங்கி வந்துவிட்டேன். எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

"வாளித் தண்ணியில போட்டுடலாம்னு யெலிட்சா சொல்றா" என்றாள் ஸ்டமேனா.

"எங்கிட்ட குடு."

"கோழியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"கோழியப் பத்தித் தெரியாது. நொண்டறதப் பத்தித் தெரியும்."

காலணிப் பெட்டியைக் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வழக்கமாக ஒரு காபியாவது கிடைக்கும்.

கால்நடை மருந்துக் கடைப் பெண் நான் போனில் எடுத்துப்போன படங்களைப் பார்த்துவிட்டு வைட்டமின் சொட்டு கொடுத்தாள். விரிந்த காலுக்குப் பிளாஸ்திரியைக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டுமாம். "மொத ரெண்டு மூணு நாள்ல பண்ணாத்தான் உண்டு அங்கிள். எலும்பு கெட்டியாயிட்டா அப்புறம் அவ்ளோதான்."

அது எனக்குத் தெரிந்த விஷயம். நான் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா டாக்டரிடம் தூக்கிப் போனாள். இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது, தொட்டிலிலேயே பார்த்திருந்தால் சரியாகியிருக்கும் என்றாராம். எனக்குக் காலை விரித்துக் கட்டியிருக்க வேண்டும், இவற்றுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் கட்டு தப்பு. மிகவும் நெருக்கிக் கட்டிவிட்டேன். எழுந்த வேகத்தில் முகம் குப்புற விழுந்தது. பிளாஸ்திரி பஞ்சு ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, எண்ணெய் தடவி எடுத்தேன். அது கத்திய கத்தலுக்கு எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது முறை கால்களுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டேன். நின்றது. ஆடியது. உட்கார்ந்தது. போதும்.

மே 5, வெள்ளி

சுருண்ட விரல்காரனுக்குச் செருப்பு. மாத்திரை அட்டையை வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி வைத்து, ஒட்டுநாடா போட்டேன். தன் காலைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். பிறகு அதையே கொத்தினான்.

விரிந்த கால்காரர்கள் அவ்வப்போது காபிக் கோப்பைக்குள் இருக்கிறார்கள். அடியில் பழைய காலுறை. கோப்பை குறுகலாக இருப்பதால் கால் விரியாது.

நான்காவதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூட்டின் மேலிருக்கும் தசைநார் இடம் மாறிவிட்டதாம். தள்ளி வைத்தால் வழுக்கிக்கொண்டு பழையபடி போகிறது. கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "அது கஷ்டம் அங்கிள்" என்றாள்.

மே 6, சனி

புனித ஜார்ஜ் நாள். ஸ்டமேனா குடும்பத்தின் காவல் புனிதர் அவர்தான், வீட்டில் விழா. இந்த விழாவுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, தெரிந்தவர்கள் தாங்களாகவே போவார்கள். கூப்பிடாத விழாவுக்கு வராதே என்று மட்டும் எப்படிச் சொல்வது? ஸ்டமேனா வழி கண்டுபிடித்துவிட்டாள். காலையில் வேலியோரம் வந்து நின்றாள்.

"மழை ஈரம். உனக்குக் கால் வலிக்கும். இன்னிக்குக் கஷ்டப்பட்டு வர வேணாம்."

"சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நாள் முழுக்கப் பாட்டும் கரண்டிச் சத்தமும் கேட்டது. வறுத்த பன்றி வாசனை. எனக்கொன்றும் இல்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன், தனியாகச் சாப்பிட்டுப் பழகியவன். ரொட்டியும் வெங்காயமும் தின்றேன்.

இல்லை, பொய் எதற்கு எழுத வேண்டும்? யாரும் படிக்கப் போவதில்லை. இந்த ஊரில் நான் கதவைத் தட்டாமல் உள்ளே போகிற வீடு அது ஒன்றுதான். அதுவும் போச்சுன்னா — ஞாயிற்றுக்கிழமை சூப்பு, அவ திட்டு, எல்லாம் போச்சு. நான் என்ன பண்ணேன்? கூப்பிட்டா, போய் உக்காந்தேன். அசையக்கூட இல்லை!

மே 7, ஞாயிறு

போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மே 8, திங்கள்

நான்காவதை இன்று நானே முடித்தேன். தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடந்தது. ஒரே நொடியில் முடிந்துவிடும் என்றார்கள். அப்படி முடியவில்லை.

பிளம் மரத்தடியில் புதைத்தேன்.

மே 9, செவ்வாய்

கட்டைப் பிரித்தேன். இரண்டும் நடக்கின்றன! ஒன்று லேசாக அகட்டி நடக்கிறது, வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிற மாதிரி. செருப்புக்காரனின் விரல்கள் நேராகிவிட்டன. சமையலறையில் ஒரு கிழவன் தனியாகக் கைதட்டினான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு நடந்ததையும் எழுத வேண்டும்.

மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தரையில் விட்டு, ஓடுவதைப் பார்த்தாள். முகம் இளகியது. அந்த நேரம் பார்த்து என் கண் இன்குபேட்டர் பக்கம் போக வேண்டுமா? உள்ளே பேரங்காடி விளம்பரத்தாள் விரித்திருந்தது. வழவழவென்று, ஐஸ் மாதிரி.

"பொரிக்கும்போதும் இதையா போட்டிருந்த?"

"ஆமா. அழுக்கானா எடுத்துப் போட்டுடலாம். ஏன்?"

"வழுக்குது ஸ்டமேனா. ஈரக் குஞ்சு இதுல எப்படி நிக்கும்? அதான் கால் விரிஞ்சுடுச்சு. துண்டு, சாக்கு, ஏதாவது சொரசொரப்பா போடணுமாம். கடைப் பொண்ணு சொன்னா."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப என் கையாலதான் ஆச்சுங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்ற. செத்துப்போச்சே ஒன்னு, அதையும் நான்தான் கொன்னேன், அதானே?"

அதற்கும் தாளுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, தெரியாது என்றேன். அவள் காதில் விழவில்லை. கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். என் கால்தான் காரணம் என்றால் யார் மேலும் குற்றமில்லை, நானும் இப்படிப் பிறக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தாள்தான் காரணம் என்றால் அதை விரித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு என் கால்தான் வசதி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு காபி கிடைத்திருக்கும்.

மே 18, வியாழன்

ராடேயின் மளிகைக் கடையில் யெலிட்சா. "வாங்க வாங்க, கோழி டாக்டர்! எனக்கும் மூட்டு வலிதான், ஒரு செருப்பு தெச்சுக் குடுங்களேன்."

"உங்களுக்கு வாய்க்குத்தான் கட்டு போடணும்" என்றேன். ராடே சிரித்தான். நான் சிரிக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 1, வியாழன்

ஸ்டமேனா இரண்டாம் முறை முட்டை வைத்திருக்கிறாளாம். ராடே சொன்னான்.

ஜூன் 11, ஞாயிறு

தக்காளிக்குக் குச்சி நட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று குஞ்சுகள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடுகின்றன. எது எது என்று இப்போது தெரிவதில்லை. அகட்டி நடப்பவன் மட்டும் தெரிகிறான்.

நான் கூப்பிடவில்லை. கோழியையா கூப்பிட முடியும்?

ஜூன் 23, வெள்ளி

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ரொட்டி வாங்கப் போனேன். கடையில் யெலிட்சாவும் ஸ்டமேனாவும் இருந்தார்கள். நான் உள்ளே வந்ததை ஸ்டமேனா பார்த்துவிட்டு, ஈஸ்ட் பொட்டலத்தைப் படிக்க ஆரம்பித்தாள். யெலிட்சா என்னைக் கவனிக்கவில்லை. கவனித்தும் பேசினாளோ என்னவோ.

"நேத்து பொரிச்சதுல ஒன்னுக்குக்கூட கால்ல குறையில்ல ராடே! நான்தான் சொன்னேனே. அவன் கால் படாம இருந்துச்சு பாரு, அத்தனையும் ஜம்முனு நிக்குது."

ஸ்டமேனா பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஆனால் சத்தமாகச் சொன்னாள்.

"போன தடவ வழுக்கற பேப்பர் போட்டிருந்தேன். இந்தத் தடவ என் பழைய துண்டு. அதான் காரணம். வேற ஒன்னும் இல்ல."

"அது எப்படி, இக்னாத் அன்னிக்கு —"

"இக்னாத்துக்கு அவனக் கூப்பிட்டது நான். பேப்பர் விரிச்சதும் நான். அவன் வந்து சொன்னான், அவன் மூஞ்சில கதவச் சாத்தினேன். ராடே, இந்த ஈஸ்ட் பழசு. புதுசு குடு."

யெலிட்சா பையை எடுத்துக்கொண்டாள். நான் ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, ரொட்டியை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ராடே பின்னால் ஆள் அனுப்பினான்.

சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 25, ஞாயிறு

பதினொரு மணிக்கு வேலியோரம் குரல். "சூப்பு ஆறுது. கால்தான் நொண்டின்னு நெனச்சேன், காதும் போச்சா?"

போனேன். கதவைத் தட்டலாமா என்று ஒரு கணம் நின்றேன். தட்டவில்லை.

கோழி சூப்பு. எந்தக் கோழி என்று கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். அவள் மகன் ஆகஸ்டில் வருகிறான். கடையில் சொன்னதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்காமலே ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அந்த நாலாவது குஞ்சு... கடைசில அதுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல" என்றேன். "ஒரே நொடிதான்."

அவள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.