மேலே இருப்பது ஒரே காது

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், பாய். இன்று வேர்க்கடலை மடித்து வந்த பேப்பரில் போட்டிருக்கிறான்: செயற்கைக்கோள் விடும் கம்பெனிகளுக்குள் அலைவரிசைச் சண்டையாம். முதலில் வந்தவன் முன்னுரிமை என்கிறான், பின்னால் வந்தவன் சமபங்கு கேட்கிறான். மூன்று தரம் படித்தும் நியாயம் யார் பக்கம் என்று பிடிபடவில்லை. அத்தனை பெரிய வானத்தில் இடம் எப்படிப் போதாமல் போகும்? நீங்கள் இருந்தால் கேட்கலாம்.

எழுபதுகளிலேயே மாமல்லபுரத்து மணலில் இதை நாம் பார்த்துவிட்டோம். அமெச்சூர் வானொலிக்காரர்கள் கூடி மேலே விட்ட சின்னச் செயற்கைக்கோள் ஒன்று; கீழிருந்து வரும் சத்தத்தை வாங்கித் தூர தேசத்துக்குத் திருப்பி அனுப்பும், எல்லோருக்கும் பொது. லைசென்ஸ் உங்களுடையது, செங்கல்பட்டு ரேடியோ கடையும் உங்களுடையது, மூளை என்னுடையது. நான் ஏரியலைத் திருப்பிய வேகத்தில் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் வழி தவறின.

பினாங்கிலிருந்த உங்கள் தம்பி கோபத்தில் இரண்டு வருடமாக உங்களோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் கோள் வரும்போது தன் சின்ன ரேடியோ செட்டில் கூப்பிடுவதாக ஆள் மூலம் சொல்லியிருந்தார். ஹெட்போன் உங்கள் காதில், தந்திச் சாவி என் கையில். நம் அடையாள எழுத்துகளை விடாமல் தட்டினேன். பவரையும் ஏற்றிவிட்டேன்.

“கொஞ்சம் நிறுத்து மச்சான். அவன் வர்றதுக்கு எடம் வுடு.”

“வுட்டா வேற எவனாவது பூந்துடுவான் பாய்!”

சட்டென்று கையை உயர்த்தினீர்கள். “யாரோ ஈனமா கூப்டுறான்... நீ தட்டுனா அமுங்கிப் போவுது. பவரைக் கொற. மேல கீறது ஒரே காது, நீ கத்துனா மத்தவன் கொரலு ஏறாது.”

“கொறச்சிட்டேன் பாய்!”

அதற்குள் கோள் கடலுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றினீர்கள். “அவனா இருக்காது. இன்னும் கோவம் தீரல போல.” அப்புறம் தம்பியை நீங்கள் கூப்பிடவே இல்லை.

ஒருவன் கத்தினால் இன்னொருவன் குரல் ஏன் அமுங்க வேண்டும்? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் வீட்டில் யாராவது மெல்லப் பேச ஆரம்பித்தால் என் வாய் தானாக நின்றுவிடுகிறது. “மாமாவுக்கு இன்னா ஆச்சு, உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று சிரிக்கிறார்கள்.

கழுகுக் கதை புளுகு என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத புளுகு ஒன்று உண்டு. பவரை நான் குறைக்கவே இல்லை, பாய்.