சாம்பல் துணியில் இருபது வளைவுகள்

அக்கா,

இஸ்திரிப் பெட்டியின் அடியில் பசை ஒட்டிக் கருகும் வாசனை இன்று காலை என் அறை முழுக்க நிறைந்துவிட்டது. ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. உங்கள் கடையில் இந்த வாசனை எழுந்தால், தைப்பதிலிருந்து தலை நிமிராமலே, "பேப்பர்ப் பக்கம் மேல இருக்குதுங்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அதில் பாதி பொய்.

உங்கள் போர்வையில் பதினாறாவது வளைவைப் பிரித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை முனையில் நீங்கள் பள்ளிச் சீருடை தைத்தீர்கள். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவள், ஆறு வருடம் வந்துகொண்டே இருந்தேன். நீங்கள் என்னை டீச்சர் என்பதை விடவில்லை. நான் உங்களை நீங்கள் என்பதை விடவில்லை. இருவருக்கும் அதுவே வசதியாக இருந்தது. மனக்கவலைக்கு ஊசி நூல் மருந்து என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். உங்களுக்கும் வரும். அதனால்தான் நீங்கள் போர்வை பற்றிப் பேச்செடுத்தபோது எனக்குப் புரியவில்லை.

அப்போது உங்கள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் முப்பது வருடம் ஜீப் ஓட்டிய உங்கள் கணவருக்குச் சர்க்கரையால் பார்வை போய் மூன்று வருடம். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். வேறு எதற்கும் வரமாட்டார்.

"எங்கூட்டுக்காரருக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைக்கோணுங்க டீச்சர். அது மேல ரோடு வேணும். அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும், இருவது வளைவும்."

"கண்ணு தெரியாதவருக்கா?"

"வெரலு இருக்குதில்லீங்க."

நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தீர்கள். "நான் போயிட்டா அந்த மனுசன் கட்டிலை உட்டு எறங்க மாட்டாருங்க. ஓட்டுறதுக்கு ஏதாச்சும் இருந்தா எறங்குவாரு."

ஒரு துணி யாரையும் எழுப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வரைபடம் என் தொழில். சரி என்றேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மலைகளுக்கு என் பழைய பச்சைப் பருத்திப் புடவைகள். பாதைக்கு உங்கள் கடையில் மிஞ்சிய சாம்பல் நிறக் கால்சட்டைத் துணி. காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தேய்க்கும் பேஸ்டிங் உங்களுக்குத் தெரியும். நான் வரவழைத்த பசைவலையோ, ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் காகிதமுமாக இருந்தது. காகிதத்தில் வரைந்து, துணியின் பின்புறத்தில் வைத்துத் தேய்த்து, வெட்டி, காகிதத்தை உரித்துவிட்டு, அடித்துணியில் வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். சூட்டில் ஒட்டினால் ஒட்டியதுதான். நான்கு மலைகளையும் ஒரே மாலையில் ஒட்டி முடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் நீங்கள் வரைபடத்தைப் பார்த்துச் சாக்பீஸால் பாதையின் கோட்டைப் போட்டீர்கள். பாதி தூரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க டீச்சர், ரோடு மலை உச்சி மேல ஏறிப் போவுது?"

அப்போதுதான் உறைத்தது. காகிதம் பின்பக்கம் இருப்பதால், அதில் வரைந்தது முன்பக்கம் இடம் வலமாகிவிடும். திருப்பி வரைந்திருக்க வேண்டும். நம் சேர்வராயன் மலையை நான் கண்ணாடியில் பார்த்தது போல ஒட்டியிருந்தேன்.

"எம்.ஏ. ஜியாகரபி," என்றீர்கள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியையும் மீறிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துணியில் ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அதுக்கு எனக்கு நாளில்லீங்க."

"தப்பான வரைபடத்தில் நான் வேலை செய்ய மாட்டேன்."

"மலை படிஞ்சு கெடக்குது, அவரு வெரலுக்குத் தெரியாது. ரோடுதான் மேல எழும்பி நிக்கும். மலை கண்ணிருக்கறவங்களுக்கு. ரோடு அவருக்கு. ரோடு சரியா இருந்தாப் போதும்."

நான் கோபித்துக்கொண்டு போனேன். ஒன்பது நாள் கடைப்பக்கம் வரவில்லை. உங்களிடம் எத்தனை நாள் மிச்சம் என்று தெரிந்திருந்தும், அதில் ஒன்பதை என் சரி தவறுக்காக எடுத்துக்கொண்டேன். அதற்காக இதுவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

திரும்பி வந்தபோது ஏழு வளைவுகள் முடிந்திருந்தன. சிகிச்சைக்குப் பஸ்ஸில் சேலம் போகும்போதெல்லாம் வாந்தியை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக ஒவ்வொரு வளைவையும் பார்த்து வைத்து, வந்து கோட்டைத் திருத்தியிருந்தீர்கள். "அஞ்சாவது நான் நெனச்சதைவிட ஒடுக்கமுங்க." நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதைக்கான சாம்பல் பட்டியை மடிக்கும் வேலையை என் மடியில் போட்டீர்கள்.

பட்டியைத் துணியின் மூலைவாட்டில்தான் வெட்ட வேண்டும் என்பதை அன்றுதான் கவனித்தேன். நீளவாக்கில் வெட்டியதை வளைத்தால் சுருக்கம் விழுகிறது. மூலைவாட்டில் வெட்டியது இழுபட்டு வளைகிறது. நீங்கள் இரண்டையும் என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னீர்கள்.

"நேரா வெட்டுனது உங்களாட்டமுங்க டீச்சர். வளைன்னா மொறைக்கும்."

பட்டியின் முதுகில் பசைவலையை, வேண்டுமானால் பிரிக்கும்படி மெல்லிய கீற்றாக மட்டும் வைத்து, கோட்டின் மேல் வளைத்துத் தேய்த்து நிறுத்துவோம். பிறகு உள்வளைவை முதலில் தைப்பீர்கள். வெளிவளைவு அதன் பின்னால் தானாக நீண்டு படியும். பதினோராவது வளைவைத் தைத்த மறுநாள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு நீங்கள் கடைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

மீதி ஒன்பது வளைவுகளை நான் தைத்தேன். ஐந்து மாதம் ஆனது. நீங்கள் வெட்டி வைத்த பட்டி பதின்மூன்றோடு தீர்ந்துபோனது. அவசரத்தில் அடுத்ததை நேராக வெட்டி, சுருக்கம் விழுந்த பிறகு பிரித்தேன். பஞ்சு வைத்து ஓரம் மடித்து முடித்த அன்று, போர்வையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்து, அவர் ஆள்காட்டி விரலை அடிவாரத்தில் வைத்தேன்.

விரல் மெதுவாகக் கிளம்பியது. இரண்டு, மூன்று என்று உதடு எண்ணியது. ஐந்தில் இடது கை தானாகக் கியர் போட்டது. ஒன்பதைத் தாண்டியதும் நிறுத்தி, "இங்க எஞ்சினு ஆற உடுவேன். அவ கூட வந்தா எறங்கி நிப்பா," என்றார். மறுபடி கிளம்பினார். பன்னிரண்டில் விரல் தயங்கியது. பின்னால் போய் மறுபடி வந்தது.

"ஏனுங்க டீச்சர், பதினொண்ணு வரைக்கும் எங்கூட்டுக்காரி ஓட்டியிருக்கறா. அதுக்கு மேல யாரோ லைசென்சு இல்லாதவங்க ஓட்டியிருக்காங்க."

"நான்தானுங்க அண்ணா."

"அதானே பாத்தேன். பதினாறுல பஸ்ஸு எதுக்க வந்தா ரெண்டு பேரும் பள்ளத்துலதான். அது நொம்ப அகலமுங்க, இப்படிக் கிள்ளி வெச்சிருக்கீங்க."

மலைகள் இடம் வலமாக இருப்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு வராது. அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"வண்டி ஓட்டறவன் மலையையாங்க பாப்பான்?" என்றார்.

பதினாறு அகலம்தான் என்று நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. என் வரைபடத்தில் அப்படி இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரைபடம் போட்டவன் ஜீப் ஓட்டினானா என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். வாய்தவறி வந்த சொல்தான். ஆனால் அவர் கட்டிலின் கீழே காலால் துழாவ ஆரம்பித்திருந்தார். செருப்பைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

பஸ்ஸில் மலை இறங்கினோம், மறுபடி ஏறினோம். பதினாறு அகலம். நான் தோற்றேன். வழியெல்லாம் எந்த வளைவில் யார் வண்டி நின்றது, எங்கே மழையில் கல் உருண்டது என்று பேசிக்கொண்டே வந்தார். கண்டக்டர் இளைஞன், இவர் பழைய டிரைவர் என்று தெரிந்ததும் டிக்கெட் கொடுத்த கையோடு பக்கத்திலேயே நின்று கேட்டான். அண்ணனின் குரல் இவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதுமில்லை.

ஒரு துணி ஆளை எழுப்பும் என்று இப்போதும் நான் எழுதிக் கையெழுத்திட மாட்டேன். எழுப்பியது என் பிழையாகவும் இருக்கலாம், எங்கள் சண்டையாகவும் இருக்கலாம். நீங்கள் எதை நம்பினீர்கள் என்று கேட்க ஆள் இல்லை. உங்கள் வேலையில் எனக்கு மிஞ்சியது ஒரு கட்டுச் சாம்பல் துணியும், எதையும் திருத்திக்கொள்ளலாம் என்று சந்தேகத்தோடு நம்பும் பழக்கமும்தான்.

பத்தொன்பதிலும் ஏதோ குறை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். ஜன்னலோரம் தனக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கண் தெரியாதவருக்கு ஜன்னல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பள்ளத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.