ஐவியும் அவரைக் குச்சிகளும்

மார்ச் 4

இன்று தோட்டத்துச் சுவரில் கை வைத்துவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் சுவருக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் வாங்கி நட்ட ஐவிக் கொடி. இப்போது சுவரே தெரியவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் அக்கா வீடு. நவம்பரில் கொடி தாண்டிப்போய் அவளுடைய துணி துவைக்கும் அறையின் கூரை ஓட்டைத் தூக்கிவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். "காத்துல நகர்ந்த ஓட்டுக்கு என் கொடி மேல பழி போடாதே" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சின்னக் கதவையும் கொடி விழுங்கிவிட்டது.

ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் இவர். எதற்கு ஆள்? நட்டவள் நான். பிடுங்கத் தெரியாதா?

மார்ச் 5

வெடுக்கென்று இழுத்தேன். கொடியோடு கையகலப் பூச்சும் பெயர்ந்து வந்தது. முப்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் நான்; தையலை யாராவது இப்படி இழுத்துப் பிரிப்பார்களா? புத்தி எங்கே போச்சு எனக்கு?

மார்ச் 6

வழி தெரிந்துவிட்டது. தரைக்கு ஒரு முழம் மேலே எல்லாத் தண்டையும் அறுத்தேன். மேலே உள்ளது தானாகக் காயட்டும், பிறகு உரிக்கலாம். வேரை மழை பெய்த மறுநாள் தோண்டினால் முழுசாக வரும்.

மார்ச் 10

நேற்று மழை, இன்று தோண்டினேன். இடுப்பு போச்சு. வேரில் பாதியும் போச்சு. பரவாயில்லை, கணக்கு சரிதான்.

மார்ச் 17

அறுத்ததில் நேரான தண்டுகள் இருபது தேறின. இலையை உருவி, ஒரே அளவாக நறுக்கி, நாடாவால் கட்டினேன். அக்கா அவரை விதை போடும் சமயம் இது. கொடி ஏற்றக் குச்சிக்கு வருஷா வருஷம் அலைவாள். அத்தானிடம் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் அத்தான் சொன்னார்: "உங்க அக்கா வாங்கி நட்டுட்டா. ஒண்ணும் சொல்லல."

வாங்கிக்கொண்டாளே! திருப்பி அனுப்பவில்லையே!

ஏப்ரல் 2

சுவர் முழுக்கப் பழுப்பு. உரித்தால் பூச்சு அசையவில்லை. கதவு வெளியே வந்துவிட்டது. என் பக்கத்துத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து வைத்தேன். அந்தப்பக்கமும் ஒன்று இருக்கிறது. அது அவள் பாடு.

ஏப்ரல் 21

ஐயோ.

காலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல். ஐந்து மாசம் கழித்து!

"அடியே, வெளிய வாடி! குச்சியா குடுத்த நீ? அத்தனையும் துளிர் விட்டு நிக்குது. அவரைய காணோம், உன் ஐவிதான் இருக்கு!"

இருபதில் பதினாலு வேர் பிடித்துவிட்டதாம். பச்சைத் தண்டைக் காயவைக்காமல் கொடுத்திருக்கிறேன். கண்ணும் கருத்துமாக அளவு பார்த்து நறுக்கி, நாடா வேறு கட்டி! என்னத்தைச் சொல்ல?

"சத்தியமா தெரியாதுக்கா. இதோ வந்து நானே பிடுங்கறேன்."

"பின்ன, நானா பிடுங்குவேன்?"

தெருவைச் சுற்றிப் போகச் செருப்பைத் தேடினேன். அதற்குள் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். "எங்க ஊரைச் சுத்தப் போற? கதவைத் தள்ளு."

ஏப்ரல் 22

அவரைப் பாத்தியில் மூன்று மணி நேரம். நான் பிடுங்க, அவள் அதிகாரம் பண்ண. "அங்க வேரை விட்டுட்ட பாரு." நான் ஒரு வேரையும் விடவில்லை.

கையில் மண்ணோடு சொல்லிவிட்டேன். "ஓட்டைத் தூக்கினது என் கொடிதான்க்கா."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன்.

மே 19

துணி வெட்டும் கத்தரியைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். நடுக்கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால், அக்கா அதைக் கொண்டு சுவரடியில் முளைத்த ஐவித் துளிரை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கேட்கவே இல்லை. அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டியதற்கே இவரை ஒரு வாரம் வைதவள் நான்.

அப்படியே திரும்பி வந்துவிட்டேன். சாணை பிடித்துக்கொள்ளலாம்.