கால்சட்டை மடிப்பில் ஏறிய எடை

அனுப்புநர்:
தையற்காரரின் மகள்,
ஒன்பதாம் வகுப்பு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவு.

பொருள்: என் தந்தையை நாளை ஆஸ்பத்திரி அங்கியில் நிறுத்தி எடை பார்க்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் நுரையீரலுக்காக வரும் தையற்காரர் என் தந்தை. உடம்பில் சதை பிடித்தால்தான் அறுவை சிகிச்சையைத் தாங்குவார், இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமி தொற்றும் என்று கூறினீர்கள். எடை கூடிய பிறகே காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேரும் என்றீர்கள்.

சென்ற முறை எடை கூடியிருந்தது. தாங்கள் கைதட்டினீர்கள். என் தாயார் அதைத் தம் கைப்பக்குவம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அன்று அவர் அணிந்த கால்சட்டையை நான்தான் துவைத்துக் காயப்போட்டேன். பாரத்தில் கொடி தரையைத் தொட்டது. மடிப்பைத் தடவிப் பார்த்தேன். திரைச்சீலை காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் வைத்துத் தைக்கும் ஈயக் குண்டுகளை, மடிப்பிலும் இடுப்புப் பட்டியிலும் வைத்துத் தைத்திருக்கிறார். வெளியே ஒரு புடைப்பும் தெரியாது. தையலில் குறை சொல்ல இடமில்லை.

கேட்டதற்கு, "பேரு ஏறட்டும் கண்ணு, சதை பின்னாடியே வந்துரும்" என்றார். தாயாரிடம் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். தங்களிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

அவர் வேண்டுமென்றே சாப்பிடாமல் இல்லை. வயிறு நிறைந்தால் மூச்சு முட்டுகிறது. நாலு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். தாங்கள் கொடுத்த சத்துப்பொடி சாக்கட்டி போல் இருக்கிறதாம். பாலோடு அது பூனைக்குப் போகிறது. எங்கள் வீட்டில் உண்மையாக எடை கூடியிருப்பது பூனை மட்டுமே.

நாளை அந்தக் கால்சட்டையோடுதான் வருகிறார். குண்டுகளை நம்பிப் பெயரைச் சேர்த்துவிட்டால், அறுவை சிகிச்சை மேசையில் படுக்கப்போவது குண்டுகள் இல்லாத அப்பா. அதனால்தான் எழுதுகிறேன். அவர் இருமி விழிக்கும்போதெல்லாம் நான் விளக்கை அணைப்பதால் எழுத்து கோணியிருக்கும், பொறுத்தருள வேண்டும்.

ஆகவே அவரைத் திட்டாமலும், வர வேண்டாமென்று சொல்லிவிடாமலும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உண்ணும்படி உணவுமுறையை மாற்றித் தரவும், குண்டுகளைத் தாங்களாகவே கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளவும் பணிவுடன் வேண்டுகிறேன். இம்மனுவை அவர் நாளை கொண்டுவரும் எக்ஸ்ரே உறைக்குள் வைக்கிறேன். பயத்தில் அவர் அதைத் திறப்பதே இல்லை.

குண்டுகளை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். குணமாகி வந்து அவர் முடிக்க வேண்டிய திரைச்சீலை ஒன்று பாதியில் நிற்கிறது.

தங்கள் கைதட்டலை அவர் உண்மையாகவே வாங்க வேண்டுமென விரும்பும்,
அவர் மகள்

இடம்: தையல் மேசைக்கு அடியில்
நாள்: எடை பார்ப்பதற்கு முந்தைய இரவு