மூன்றாம் சனிக்கிழமை சாத்தியிருந்த கதவு

பெருமாள் துணை

விருத்தாசலம்
24.9.2007, திங்கள்

ஓசூரில் மகன் ராஜ்மோகன் வீட்டில் இருக்கும் ராஜம்மாளுக்கு, உன் ஓரகத்தி வீரம்மாள் எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். கண் பரவாயில்லை, முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, சாவுச் செய்தியோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

போனில் பேசியிருக்கலாம். பேத்தி கயல்விழி நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதே பிடுங்கி வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் முன்னால் வரும், சொல்ல வேண்டியது பின்னால் போய்விடும். கடிதத்தைக் கயல்விழி கையால் எழுதவும் மனம் வரவில்லை. இது சின்னப் பெண் எழுதுகிற விஷயம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். பொறுத்துப் படி.

புரட்டாசி பிறந்துவிட்டது. வீடு கழுவி, பழைய சட்டி பானையை எல்லாம் ஒதுக்கியாயிற்று. என் மகன் பழமலைநாதனுக்குத்தான் கஷ்டம். ஒரு வாரம் முட்டை இல்லாமல் முகம் சுருங்கிப்போகிறது. அவன் அப்பா அப்படியா இருந்தார்? நாக்கைக் கட்டிப்போட்டால் மாதம் முழுக்க அவிழ்க்க மாட்டார். உன் வீட்டுக்காரர் என் கொழுந்தனார் சக்கரபாணியும் அப்படித்தான். அண்ணனும் தம்பியும் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை முடிந்து சனிக்கிழமை மத்தியானம் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை மண்ணாக வந்து நிற்பார்கள். நம் மாமியார் பெரியநாயகி பார்த்துவிட்டு, "தே, பெருமாளுக்கு நெத்தியில மட்டும்தான் நாமம். என் புள்ளைங்க ஒடம்பு பூராவும் போட்டுக்கிட்டு வந்திருக்கானுவ" என்று சொல்லும். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடுவாய்.

நீ கல்யாணமாகி வந்த முதல் புரட்டாசி எனக்கு அப்படியே இருக்கிறது. அறுபத்தெட்டு. ஒரு பொழுது இருந்து பழக்கமில்லாதவள் நீ. மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு நானும் நீயும் ஒரே உரலில் ஆளுக்கொரு உலக்கையாக மாவிளக்குக்கு அரிசி இடித்தோம். நான் சலித்துவிட்டுத் திரும்பினால் மாவில் பள்ளம், உன் மேலுதட்டில் வெள்ளை. மாமியார் பள்ளத்தைக் கேட்டபோது எலி என்று சொன்னேன். பெருமாளுக்கு வைத்த மாவில் எலி வாய் வைத்ததா என்று கிழவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைக்கச் சொல்லிவிட்டது. உன்னால் அன்று இரண்டு தரம் இடித்தேன். என் கைக் கொப்புளம் ஆறுவதற்கு அடுத்த சனிக்கிழமை ஆயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறக்கவில்லை என்று சொல்கிறேன். என் தேங்காய்த் துருவியும் உன்னிடம்தான் இருக்கிறது, அதையும் மறக்கவில்லை.

அந்த ஆறு புரட்டாசி போல எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. ஈரப் புடவையோடு நீயும் நானும் துளசி பறிப்போம். அடுப்பில் பொங்கல் கொதிக்கிற வாசனையில் பசி இன்னும் ஏறும். நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன், இரண்டு பேரும் எச்சில் விழுங்கிக்கொள்வோம். தளிகை போட்டு, கற்பூரம் காட்டி, எல்லோரும் கோவிந்தா போட்டபிறகு முதல் கவளம் உள்ளே போகும் பார், அந்த ருசிக்கு இன்று வரைக்கும் எந்தக் கல்யாணச் சாப்பாடும் ஈடு இல்லை.

எழுபத்து நான்கு தை மாதம் பாகம் பிரிந்தது. நீங்கள் அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடி போனீர்கள். அது எனக்கு வருத்தமே தவிரக் கோபம் இல்லை. கோபம் அந்த வருஷம் மூன்றாம் சனிக்கிழமை வந்தது. உனக்கும் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தை நான் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

செம்புக்கு நாமம் போட்டு, தெருவில் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி, அந்த அரிசியில்தான் தளிகை. முதல் பிடி பங்காளி வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது மாமியார் வைத்த வழக்கம். அதனால் உன் வாசலுக்குத்தான் முதலில் வந்தேன். என் பின்னால் தெருவே நின்றது. ஜால்ரா தட்டிக்கொண்டு ஆம்பிளைகள் பத்துப் பேர். வாசலில் கோலம் இல்லை, கதவு சாத்தியிருந்தது. மூன்று தரம் கோவிந்தா போட்டேன். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "சரி, வாம்மா, அடுத்த வூட்டுக்குப் போவலாம்" என்றார். காலிச் செம்போடு பங்காளி வாசலிலிருந்து திரும்பினேன். அன்றைக்கே உன் உறவை அறுத்துவிட்டேன்.

கோலம் போடாததைக்கூட உன் குற்றத்தில் சேர்த்தேன் ராஜம்மா. புரட்டாசி சனிக்கிழமை வாசலைத் தெளிக்காமல் போட்டவள் வேண்டும் என்றேதான் செய்தாள் என்று அடித்துச் சொன்னேன்.

இப்போது போன சனிக்கிழமை நடந்ததைக் கேள். எதிர்வீட்டு வளர்மதி செம்பு எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள், கூட அவள் மாமனாரும் நாலைந்து ஆம்பிளைகளும். நான் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கோவிந்தா சத்தம் கேட்கிறது, கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மருமகள் துர்கா கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பெருமாள் வாசல்ல வந்து நிக்கிறாரு, ஒனக்குத் தாப்பாள் தொறக்கக் கை வரலியா என்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே வெட்கம்.

அவள் அழுதுகொண்டே, "இப்பத்தான் அத்த ஆயிடுச்சி. இந்தக் கையால எப்புடி அரிசியத் தொடுவேன்? வெளியில அத்தினி ஆம்பளைங்க நிக்கிறாங்க, உள்ளேருந்து என்னான்னு சொல்லுவேன்?" என்றாள்.

நான் ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துர்கா பயந்துபோய் மயக்கமா அத்தை, மயக்கமா என்கிறாள். மயக்கம் இல்லை. கோலம் இல்லாத உன் வாசல்தான் கண்ணில் வந்து நின்றது.

நீ அப்போது ஐந்து மாதம். அது எனக்குத் தெரியும். தங்கவில்லை என்பதும் தெரியும், ஐப்பசியில் காதுக்கு வந்தது. செம்பைத் திருப்பி அனுப்பினாள், அதற்குப் பிறகு இப்படி ஆயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் வரிசை வைத்திருந்தேன். என் ஞாபகத்தில் எனக்கு அவ்வளவு கர்வம். வரிசை தப்பாக இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

நேற்று ஆட்டோ பிடித்து ஆலடி ரோட்டுக்குப் போனேன். பிரசவம் பார்த்த ஆண்டாள் ஆயா இன்னும் இருக்கிறது, கண்தான் தெரியவில்லை. என் பெயரைச் சொன்னதும், "சண்டக்கார வீரம்மாளா, வா" என்றது. அந்தப் புரட்டாசியைக் கேட்டேன். ஆயா சொன்னது: "வெள்ளிக்கெழம சாயங்காலமே போயிடுச்சி. பொம்பளப் புள்ள. மறுநாள் காலையில நீ கோவிந்தா போட்டப்ப நானும் உள்ளதான் இருந்தேன். அக்கா கூப்புடுறாங்க, அக்கா கூப்புடுறாங்கன்னு எழுந்திரிக்கப் பார்த்தா. நான்தான் தோளப் புடிச்சி அமுக்கினேன். நீயாவது ஒரு புடி போடு ஆயான்னா. என் கையி இருந்த இருப்புல நான் எங்க போடுறது?"

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று ஆயாவிடம் சண்டைக்குப் போனேன். "அவ சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அந்தக் கொழாயடியில நீ பேசுனதுக்கு அப்புறம், தெரிஞ்சாலும் ஒண்ணுதான் தெரியாட்டியும் ஒண்ணுதான்னா" என்றது.

குழாயடி. அதைத்தான் எழுத வந்தேன். இதுவரைக்கும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு. தண்ணீர் பிடிக்க வரிசையில் எனக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றாய். நான் உன்னைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் உனக்குக் கேட்கிற மாதிரி, பெருமாளுக்குக் கதவைச் சாத்தினவள் வயிற்றில் என்ன தங்கும் என்று சொன்னேன். நீ குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாய். பிறகு கொழுந்தனார் வந்து காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அடுத்த தையில் ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று ஊரை விட்டே போய்விட்டீர்கள். வேலைக்காகத்தான் போனீர்கள் என்று நானும் ஊரோடு சேர்ந்து சொல்லிக்கொண்டேன்.

ராஜ்மோகனுக்குப் பிறகு உனக்கு வேறு பிள்ளை இல்லை. அதையும் நான் வாய்விட்டு எண்ணியவள்தான்.

கொழுந்தனார் செத்ததற்கு நான் வரவில்லை. என் வீட்டுக்காரர் போனபோது நீ வந்தாய். மாலையைப் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போனாய். அதற்கும் உன்மேல் கோபம் வைத்திருந்தேன். எந்தத் தண்ணீரை நீ குடிப்பாய்? அந்தக் குழாய்த் தண்ணீரையா?

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்கு வாயிலும் வருவதில்லை, கையிலும் வரவில்லை. இரண்டு தரம் அடித்துவிட்டேன், மேலே கறுப்பாக இருப்பது அதுதான். நான் சொன்ன சொல் திரும்பி என் வாய்க்குள் போகாது. பெருமாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அவர் என்னை என்ன செய்யவேண்டுமோ செய்யட்டும். நீ என்னைத் திட்டு. நேரில் வந்து திட்டு. துர்கா எதிரில், கயல்விழி எதிரில், தெருவில் நிற்க வைத்துத் திட்டு. நான் எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். இது நான் யாருக்கும் கொடுக்காத வாக்கு.

அக்டோபர் ஆறாம் தேதி மூன்றாம் சனிக்கிழமை. ராஜ்மோகனைச் சேலம் வரைக்கும் கூட்டிவரச் சொல். அங்கிருந்து விருத்தாசலத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. பழமலைநாதன் ஸ்டாண்டில் நிற்பான். அவனுக்கு உன்னைச் சரியாக அடையாளம் தெரியாது, எனக்குத் தெரியும், நானும் வருவேன். ஒரு பொழுது இருக்க உன் உடம்புக்கு முடியாவிட்டால் இருக்க வேண்டாம். மாவில் கை வை, எலி என்று சொல்லிக்கொள்கிறேன்.

தளிகை முடிந்ததும் நம் வீட்டில் முதலில் பிள்ளைகள் வரிசைக்கு இலை போடுவோம். அப்புறம் கட்டிக்கொடுத்து வந்திருக்கும் பெண்களுக்கு. இந்த வருஷம் ஓர் இலை கூடுதலாக நறுக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று துர்கா கேட்டாள், சொல்லவில்லை. உன் பெண் இருந்திருந்தால் வருகிற தையோடு முப்பத்து மூன்று வயது முடியும். அந்த இலையைப் பிள்ளைகள் வரிசையில் போடுவதா, பெண்கள் வரிசையில் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மூத்தவள் என்ற முறையில் நானாக ஒன்று சொல்ல அதில் எனக்குப் பாத்தியதை இல்லை. நீ வந்து எங்கே என்று காட்டு ராஜம்மா. நீ காட்டுகிற வரைக்கும் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

உன்னைப் பெருமாள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நீ அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த
வீரம்மாள்