வேட்டைச் சிங்கம் பஸ் ஏறிய கதை

பிரியமுள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அதற்குக் காரணம் அப்பா அடித்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்.

ஆயுதபூஜை அன்று சந்தனம், குங்குமம் வைத்த துப்பாக்கியோடு நின்றீர்களே, அந்தப் படத்தைப் பெரிதாக்கி, 'வேட்டைச் சிங்கமே' என்று எழுதி, திருச்சுழி ரோடு பிரிகிற விலக்கில் கட்டினார். மக்காச்சோளத்தைப் பன்றி தின்னாமல் பார்க்க லைசென்ஸ் வாங்கியவரைச் சிங்கம் என்னலாமா என்று கேட்டேன். "போனவுகளுக்குக் கொஞ்சம் கூடத்தான் போடணும்" என்றார்.

அந்த வழியாகப் போன எஸ்.ஐ. பைக்கை நிறுத்தி, பிளக்ஸை முழுவதும் வாசித்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார்.

"படம் நல்லாருக்கு. துப்பாக்கி எங்க?"

லைசென்ஸ்காரர் இறந்தால் ஒப்படைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? பெரியம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். எஸ்.ஐ. திருவிழாப் பாதுகாப்புக்குப் போகிற அவசரத்தில் இருந்ததால், மறுநாள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார். வழியில் யாரும் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டு, நான் அவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பெரியம்மா கேட்டார். மனுவோடு வாருங்கள் என்றார் அவர். சோளம் கதிர் பிடிக்கிற நேரம். துப்பாக்கி போய்விட்டால் ஒரு தட்டைகூட மிஞ்சாது என்று பெரியம்மாவுக்குக் கவலை.

அன்றைய செய்தித்தாளில் வேறொரு விஷயம் இருந்தது. துப்பாக்கி வாங்குவது, எடுத்துச் செல்வது பற்றிய விதிகளை மத்திய அரசு மாற்றப்போகிறதாம். லைசென்ஸ் கேட்கிறவருக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டுமாம், பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டுமாம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். நான் சத்தமாக வாசித்தேன். இன்னும் சட்டமாகவில்லை என்று சொல்லியும் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

அவ்வளவு நீளப் பெட்டிக்கு எங்கே போவது? பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் பாதிதான் நுழைந்தது. கடைசியில் அப்பா பிளக்ஸைக் கழற்றிவந்து, துப்பாக்கியை அதிலேயே சுருட்டிக் கட்டினார். கட்டிய பிறகுதான் பார்த்தோம். துப்பாக்கி பிடித்த உங்கள் படம் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியதுபோல!

மறுநாள் மூன்று பேரும் கிளம்பினோம். பஸ்ஸில் பெரியம்மா உங்களை மடியில் கிடத்திக்கொண்டார். கண்டக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, முன் சீட்டுக்காரரை எழுப்பி எங்களுக்கு இடம் கொடுத்தார். நான் எஸ்.ஐ. எழுதிக் கொடுத்த சீட்டை வியர்வையில் நனைந்துபோகும்வரை கையில் பிடித்திருந்தேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மனுவை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்களுக்குச் சுடத் தெரியுமா?"

"அவுகளுக்கே தெரியாது சார்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார். எஸ்.ஐ. துப்பாக்கிக் குழலைத் தரையில் தட்டினார். பொலபொலவென்று மண் கொட்டியது. குளவிக் கூடு, பெரியப்பா! அப்பா பிளக்ஸை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"பெறகு பன்னி எப்படிம்மா ஓடுச்சு?"

"இருமுவாக. அந்தச் சத்தத்துக்கு மாடே கயித்த அத்துக்கிட்டு ஓடும்."

மனு மேலிடத்துக்குப் போயிருக்கிறது. சுடத் தெரியாது என்று பெரியம்மா ஒப்புக்கொண்டதால் கிடைக்காது என்கிறார் அப்பா. பொய் சொல்லியிருக்கலாமோ? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஆனால் சோளம் தப்பித்துவிட்டது. என் போனில் நீங்கள் பேசி அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருந்தது. "பரீட்சை எப்படி" என்று ஆரம்பித்து, பாதிக்கு மேல் வெறும் இருமல். அதை ஸ்பீக்கரில் ஏற்றிச் சோளக்காட்டில் வைத்தோம். அந்தி சாய்ந்ததும் போடுகிறோம். பன்றி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று உச்சி வெயிலில் சோறு கொண்டுபோனேன். அப்போதும் ஸ்பீக்கர் இருமிக்கொண்டிருந்தது. பகலில் பன்றி வராதே என்றேன். பெரியம்மா களையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார்.

டெல்லிக்கு என் கருத்தை எழுதுகிறேன். இறந்தவரின் துப்பாக்கியை யார், எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதை எங்களுக்குப் புரிகிற தமிழில் போடச் சொல்வேன். குளவிக் கூட்டைப் பற்றி எழுத மாட்டேன். அந்தப் பேச்சை என் போனிலிருந்து ஒருநாளும் அழிக்க மாட்டேன். இது சத்தியம்.

பரீட்சை நன்றாகத்தான் எழுதினேன், பெரியப்பா.

உங்கள் தம்பி மகள்,
பொன்மணி