முப்பதுக்கு வராத மாப்பிள்ளை

கிள்ளான்,
10-1-1927

அன்பு மிகுந்த அத்தானுக்கு நல்லம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. நானும் நம் மகளும் நலம். நீங்கள் நலமென்று நீங்களே எழுதினால்தான் நம்புவேன். ரயில்வே ஆட்கள் வந்து சொல்வதை நம்ப மாட்டேன்.

பிள்ளை பிறந்த மறுநாளே வெள்ளம் வந்து தண்டவாளம் மூழ்கிவிட்டது. அதனால் அவள் முகத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. இப்போது வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். இருபத்து மூன்றாம் தேதி பிள்ளைக்கு முப்பதாம் நாள், முப்பது கும்பிட்டுப் பெயர் வைக்கிறோம். தகப்பன் மடியில் பிள்ளையை வைத்து, அம்மா வழித் தாத்தா அதன் காதில் மூன்று முறை பெயர் சொல்வதுதான் நம் வழக்கம். பெயரை நீங்களே யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். மூக்கு உங்களுடையது. வளர வளர மாறிவிடும் என்று அம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

வீரம்மா அக்காவை ஆறு கொண்டுபோய்விட்டது என்று நீங்கள் சொல்லியனுப்பியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து, "தங்கச்சி, சோறு வடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார். பிரசவம் முடிந்து நான் திரும்பி வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று அம்மா அதட்டுகிறாள்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
நல்லம்மாள்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
14-1-1927

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

என் மூக்குக்காக உன் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் நான் வருவதாக இல்லை.

கிள்ளான் நிவாரணக் கூட்டத்தில் மாமா பேசியது பத்திரிகையில் வந்திருக்கிறது. ஆற்றோரத்துக் கூலிகளை முன்பே எச்சரித்தார்களாம், சொன்னதைக் கேட்டிருந்தால் உயிர் போயிருக்காதாம், துரைத்தனத்தைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயலாம். ஈயச் சுரங்கத்து மணல் விழுந்து ஆறு மேடாகிப்போனது அவருக்குத் தெரியாதா? லயத்தை ஆற்றோரத்தில் கட்டியது கூலிகளா? லயத்தை மேட்டில் கட்டச் சொல்லி எங்கள் சங்கம் துரைத்தனத்துக்கு மனு எழுதுகிறது. எழுதுகிறவன் நான். மாமனார் என்பதற்காக ஒரு வரி குறைக்க மாட்டேன். சொன்னதை அவர் திரும்பப் பெறும்வரை அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

வீட்டில் சேற்று நாற்றம் இன்னும் போகவில்லை. கட்டில் கால்கள் ஊறிப்போய்விட்டன. மகள் கண்ணைத் திறந்து பார்க்கிறாளா? அதை மட்டும் எழுது.

சபாபதி


கிள்ளான்,
24-1-1927

அத்தானுக்கு,

நேற்று முப்பது. அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். ரயில் ஊதும்போதெல்லாம் அம்மா வாசலுக்குப் போய் வந்தாள். கடைசியில் அப்பா, "மாப்பிள்ளை மனு எழுதிக்கிட்டு இருப்பாரு. எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுத் தம் அரிசிக் கடைக்குப் போய்விட்டார். பாயசத்தை நானும் அம்மாவும்தான் குடித்தோம். பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை.

இங்கே வருகிறவர்களும் யார் குற்றம் என்பதைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் சுரங்கக்காரர் என்கிறார், ஒருவர் துரை என்கிறார், ஒருவர் காட்டை அழித்த தோட்டக்காரர் என்கிறார். நேற்று வந்த ஒரு அம்மா, மாரியம்மனுக்குக் குறை வைத்ததால் வந்த வினை என்றார். தண்ணீர் வடிந்தும் பேச்சு வடியவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

பத்திரிகையில் உங்கள் மனுவையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் வீரம்மா அக்கா 'கூலிப் பெண் ஒருத்தி'. அப்பாவின் பேச்சில் அவர் 'சொல் கேளாதவர்'. அப்பாவுக்கு அவரைத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?

உங்கள் மகள் கண்ணைத் திறந்து பார்க்கிறாள். நேற்றெல்லாம் வாசலையே பார்த்தாள் என்று எழுதி உங்களை அழவைக்க ஆசைதான். ஆனால் அவள் பார்த்தது விளக்கை.

நல்லம்மாள்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
27-1-1927

நல்லம்மாளுக்கு,

பெயர் சொல்லவில்லை என்று குறைப்பட்டாய். சரி, மகளுக்கு வீரம்மா என்று பெயர் வையுங்கள். என் மடிக்குப் பதில் உன் தம்பி மடி போதும். மாமா அதைக் காதில் மூன்று முறை சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் தான் மேடையில் பேசியது நினைவுக்கு வரட்டும். பேத்தியைக் கூப்பிடும்போதெல்லாம் வரட்டும்.

சபாபதி


கிள்ளான்,
30-1-1927

அத்தானுக்கு,

அந்தப் பெயரை வைக்க மாட்டேன். என் பிள்ளையை உங்கள் மனுவில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். தாத்தாவைக் குத்துவதற்கென்று அவளுக்கு ஒரு பெயர் வேண்டாம்.

அப்பா பேசியது தப்பு. அவரிடமே சொன்னேன். இரண்டு நாள் அவரோடு பேசாமலும் இருந்தேன். உங்களுக்கு எழுதியிருந்தால் அதையும் மனுவில் சேர்த்திருப்பீர்கள், அதனால் எழுதவில்லை. உங்களை எனக்குத் தெரியும் அத்தான். உங்களுக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

எனக்கு ஒன்று செய்யுங்கள். அன்று வீரம்மா அக்காவுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். துரைக்கு எழுதுவதுபோல் வேண்டாம், எனக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் இனிக் கடிதமே வேண்டாம். நானும் எழுத மாட்டேன். இங்கேயே இருந்துகொள்கிறேன்.

நல்லம்மாள்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
6-2-1927

என் அன்பு நல்லம்மாளுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். மனு எழுதுவது எவ்வளவோ சுலபம்.

அன்று லயத்து ஜனங்களை ஸ்டேஷன் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். வீரம்மா அக்கா முதலிலேயே வந்துவிட்டார். தலையில் பாய், இடுப்பில் நம் வீட்டு அரிசிப் பானை. "நீங்க இத மறந்துட்டுத்தான் வருவீங்கன்னு தெரியும் தம்பி" என்றார். மேட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார். அப்புறம்தான் அவருக்கு ஆட்டின் நினைவு வந்தது. சினை ஆடு, கொட்டகையில் கட்டியிருந்தது. "கயித்த அவுத்து விட்டுட்டு வந்துர்றேன். கட்டிப்போட்டது நாந்தானே" என்று இறங்கினார். அப்போது தண்ணீர் முழங்கால் அளவுதான். நானும் பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியும் கத்திக் கூப்பிட்டோம். அவர் திரும்பாமலே கையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆடு நீந்தி வந்தது. அவர் வரவில்லை.

மனுவில் ஆட்டைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் மாமா சொன்னதுதான் சரி என்பார்கள். லயத்தை ஆற்றோரத்தில் கட்டியது குற்றம், அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் யாரைத் திட்டினாலும் எனக்கு ஆறவில்லை நல்லம்மா. திட்டி முடித்ததும் அவர் கையை ஆட்டியதுதான் கண்ணில் நிற்கிறது.

ஆடு நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ராத்திரியெல்லாம் கத்துகின்றன. நான் சங்கத்துக்குக் கட்டிப்போகும் வேட்டியில் பாதியைத் தாய் ஆடு தின்றுவிட்டது.

மகளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. உன்னையும்.

சபாபதி


கிள்ளான்,
9-2-1927

என் அத்தானுக்கு,

நேற்றுக் காலை வந்த உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அம்மா அதட்டியும் அழுகை நிற்கவில்லை. பிறகு கடைக்குப் போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களைக் கேட்காமல் செய்தேன். அதற்குக் கோபப்படுவதென்றால் நேரில் வந்து கோபப்படுங்கள்.

அப்பா கணக்கு நோட்டை மூடி வைத்தார். அப்புறம், "ஆடு பொழச்சிருச்சா?" என்று கேட்டார்.

"குட்டியும் போட்டிருக்குப்பா" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எச்சரிச்சாங்கன்னு சொன்னாங்க, நானும் மேடையில சொன்னேன். இந்தம்மாவப் பத்தி எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் வாயில் வரவில்லை. வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் முடியாது. மனுவை நீங்களும் நிறுத்த வேண்டாம். லயத்தை மேட்டில் கட்டும்வரை எழுதுங்கள். வேட்டியை நான் தைத்துத் தருகிறேன்.

பிள்ளைக்கு வீரம்மா என்றே வைப்போம். யாரையும் குத்துவதற்காக வேண்டாம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதற்காக வைப்போம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வாருங்கள். ஆட்டைப் பக்கிரிசாமி அண்ணனிடம் விட்டுவிட்டு வாருங்கள், கூடவே அழைத்து வந்துவிடாதீர்கள். திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் உங்களோடு வருகிறோம்.

அப்பா நேற்றிலிருந்து கடையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுகிறாராம், தம்பி வந்து சொன்னான். மூன்று முறை சொல்ல வேண்டுமல்லவா? இரண்டாவதோடு நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாராம்.

உங்கள்
நல்லம்மாள்